வந்தானா, வந்ததா?



இந்த இதழ் அச்சுக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பு மெய்ப்புத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. அதில் ஒரு கட்டுரையில் மட்டும் வரிக்கு வரி சிவப்பு மை. கோவையை அடுத்த தடாகம் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது. அவர் ஊர் வழியாகப் போய்வந்துகொண்டிருந்த சின்னத்தம்பி என்ற காட்டு யானையைப் பற்றிய கட்டுரை. 'வந்தான்', 'நின்றான்', 'வாழையைச் சாய்த்தான்' என்று அவர் எழுதியிருந்தார். எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஒன்றுவிடாமல் 'வந்தது', 'நின்றது', 'சாய்த்தது' என்று மாற்றியிருந்தார். இருபது வருடமாக எங்களோடு இருப்பவர். யானை அஃறிணை. அவர் கடமையைச் செய்திருக்கிறார்.

திருத்தங்களைச் சொல்லி ஒப்புதல் வாங்குவது எங்கள் வழக்கம். நானே ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "திருத்துனது தப்புன்னு சொல்லலைங்க. ஆனா வந்ததுன்னு போட்டா, எந்த யானை வேணும்னாலும் வந்திருக்கலாமுங்க. எங்க தோட்டத்துக்கு வந்தவன் அவனுங்க."

நான் அந்தப் பக்கத்தை அன்று அச்சுக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னதில் பாசம் இருக்கிறது, அது கேட்டவுடனே தெரிகிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பாசம் இல்லை. அவர் துல்லியத்தைப் பற்றிப் பேசுகிறார். நடந்ததை நடந்தபடி சொல்ல 'வந்தது' போதவில்லை என்கிறார்.

சின்னத்தம்பியை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2019 ஜனவரியில் தடாகம் பகுதியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளிலேயே காட்டை விட்டு வெளியே வந்து, ஊர் ஊராக நடந்து, மடத்துக்குளம் பக்கம் சர்க்கரை ஆலையை ஒட்டிய கரும்புக்காட்டில் தங்கினான். பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு யானை முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். பிற்பாடு கும்கியாகப் பழக்கினார்கள். பயிரைப் பறிகொடுத்த விவசாயிகளின் கோபம் நியாயமானது. அதே ஊர்க்காரர்களில் பலர், அவனைக் கும்கிகள் முட்டித் தள்ளி லாரியில் ஏற்றிய காட்சியைப் பார்த்துக் கண்கலங்கியதும் உண்மை. இரண்டும் ஒரே ஊரில், சில வீடுகளில் ஒரே ஆளிடம் இருந்தன. 'காட்டு யானைகளால் பயிர்ச்சேதம்' என்ற செய்திக்குள் இந்த இரண்டாவது உணர்ச்சிக்கு இடம் கிடையாது. சின்னத்தம்பி என்ற பெயருக்குள் இருக்கிறது.

நம் இலக்கணத்தை எடுத்துப் பார்த்தேன். அஃறிணை என்பது அல் திணை. உயர்திணை அல்லாதது. அதாவது, எது என்பதை வைத்து வந்த பெயர் இல்லை, எது இல்லை என்பதை வைத்து வந்த பெயர். நாற்காலியும் அதில்தான், யானையும் அதில்தான். நாற்காலி விழுந்தது, யானை விழுந்தது, விகுதி ஒன்றே. ஆனால் நம் முன்னோர் அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'என் அம்மா வந்துவிட்டாள்' என்று ஒருவன் சொன்னால் அதைப் பிழை என்று தள்ளாமல் வழுவமைதி என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. உவப்பில் திணை மாறலாம் என்பது விதி.

தொல்காப்பியத்தின் மரபியலில் இன்னும் அழகான ஒரு செய்தி இருக்கிறது. இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லி, எந்தெந்த உயிருக்கு எந்தெந்தப் பெயர் பொருந்தும் என்று வகுத்துக்கொண்டே போகிறார் தொல்காப்பியர். அதில் மனிதப் பிள்ளைக்கு உரியவை இரண்டே: குழவி, மகவு. இந்த இரண்டும் மனிதருக்கு மட்டும் உரியவையா என்றால், இல்லை. யானைக்கன்றுக்கும் குழவி என்ற பெயர் உண்டு. குரங்குக்குட்டிக்கும் மகவு என்ற பெயர் உண்டு. தொட்டிலில் கிடப்பதற்கும் தாய் யானையின் காலடியில் நிற்பதற்கும் ஒரே சொல். ஆறறிவு மனிதருக்கு என்று வகுத்த அதே இயலில், விலங்குகளில் ஒரு சாராருக்கும் அது உண்டு என்ற நூற்பாவும் இருக்கிறது. திணைக்கு நடுவே சுவர் எழுப்பியவர்களே அதில் கதவும் வைத்திருக்கிறார்கள். நாம்தான் அந்தக் கதவைத் திறக்காமல் சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் மேசையில் நடந்தது போலவே வேறொரு மேசையிலும் நடந்திருக்கிறது. 1960 ஜூலையில், இன்றைய தான்சானியாவில் உள்ள கோம்பே காட்டுக்கு 26 வயது ஜேன் குடால் போய்ச் சேர்ந்தார். அப்போது அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. சிம்பன்சிகளை நாள்முழுக்கப் பார்த்தார், பார்த்தவற்றுக்குப் பெயர் வைத்தார். முகவாயில் நரைமயிர் இருந்த ஆணுக்கு டேவிட் கிரேபியர்ட். கிழிந்த காதும் தடித்த மூக்குமாக இருந்த பெண்ணுக்கு ஃப்ளோ. பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, பெயர் வைத்தது தவறு, எண் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது 'அவன்', 'அவள்' என்று அவர் எழுதிய இடத்தில் எல்லாம் 'அது' என்று மாற்றியிருந்தார்கள். குடால் அந்தத் திருத்தங்களை அடித்துவிட்டு, தான் எழுதியதையே மீண்டும் எழுதி அனுப்பினார். அப்படியே அச்சானது.

இதை ஓர் இளம்பெண்ணின் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். 1972-இல் ஃப்ளோ இறந்தாள். லண்டனின் சண்டே டைம்ஸ் அவளுக்கு இரங்கல் குறிப்பு வெளியிட்டது. அவளுடைய மகன் ஃப்ளிண்டுக்கு அப்போது எட்டு வயது கடந்திருந்தது. அந்த வயதில் தனியே பிழைக்கலாம். ஆனால் தாயை விட்டுப் பிரிந்து பழகாதவன். அவள் இறந்த ஓடைக்கரையைச் சுற்றியே இருந்தான். சாப்பாட்டைக் குறைத்தான், ஒடுங்கிப்போனான், மூன்று வாரம் போல இருந்து அவனும் இறந்தான். இப்போது பெயரை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள். ஒரு சிம்பன்சி இறந்தது. சில வாரம் கழித்து இன்னொரு சிம்பன்சி இறந்தது. இதில் ஒன்றும் நடக்கவில்லை. யார் யாருடைய மகன் என்பது தெரிந்திருந்ததால்தான் அங்கே நடந்தது துக்கம் என்று ஒருவரால் சொல்ல முடிந்தது. 2025 அக்டோபரில், 91 வயதில் குடால் காலமானார். 'அது'வை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிய அந்தக் கைக்கு, ஒரு பத்திரிகை ஆசிரியனாக என் வணக்கம்.

ஜப்பானியர்கள் இதைக் குடாலுக்கு முன்பே செய்தார்கள். கோஷிமா என்ற சின்னத் தீவில் குரங்குகள் ஒவ்வொன்றையும் முகம் வைத்து அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். 1953-இல், ஒன்றரை வயதுப் பெண்குட்டி இமோ, மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீரில் கழுவித் தின்றதை முதலில் கவனித்தவர் அந்தப் பகுதிப் பள்ளி ஆசிரியை சட்சுவே மிட்டோ. (பள்ளி ஆசிரியர்களின் கண்ணுக்குத் தப்புவது குறைவுதான்.) இமோவிடமிருந்து அவள் விளையாட்டுத் தோழர்களும் தாயும் கற்றுக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்லக் கூட்டமே கற்றுக்கொண்டது. யார் யாரிடம் கற்றார் என்று கோடு போட முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்ததுதான்.

நம் ஊர்க் கீதாரிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. அந்தியில் கிடை போடும்போது ஓர் ஆடு குறைந்தால் ஒன்று குறைகிறது என்று அவர்கள் சொல்வதில்லை. எது குறைகிறது என்று சொல்வார்கள். நாம் பார்த்தால் எல்லா ஆடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆட்டுக்கு ஆடு எப்படித் தெரிகிறது? இங்கிலாந்தில் கீத் கெண்ட்ரிக் குழுவினர் செம்மறிகளுக்குச் செம்மறி முகங்களின் படங்களைக் காட்டிப் பழக்கிப் பார்த்தார்கள். 50 முகங்களை அடையாளம் கண்டு, இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நினைவில் வைத்திருந்தன என்று 2001-இல் வெளியிட்டார்கள். கும்பலாகப் போவதற்கு உவமை சொல்ல நாம் இழுத்துவரும் மந்தைக்குள், ஒவ்வொன்றுக்கும் மற்றதன் முகம் தெரிந்திருக்கிறது.

முகம் நமக்கு முக்கியம் என்பதால் முகத்தை வைத்தே தேடுகிறோம். எல்லா உயிருக்கும் 'தான்' என்பது முகத்தில் இல்லை. டால்பின் குட்டி பிறந்த முதல் ஆண்டுக்குள் தனக்கென்று ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. கலங்கிய நீரில் முகம் எங்கே தெரியும்? அந்தச் சீழ்க்கைதான் ஆள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி கிங்கும் வின்சென்ட் ஜேனிக்கும் கடலில் டால்பின்களின் சீழ்க்கையைப் பதிவுசெய்து, அதைப் போலவே ஓர் ஒலியை உருவாக்கித் திருப்பி ஒலிக்கவிட்டார்கள். தன்னுடையது ஒலித்தபோது அந்த டால்பின் பதில் கொடுத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாம் திரும்புவது போலத்தான். இது 2013-இல் வெளிவந்தது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், ஒரே தொட்டியில் வாழ்ந்து பிரிந்துபோன டால்பினின் சீழ்க்கையை 20 ஆண்டு கழித்தும் ஒரு டால்பின் அடையாளம் கண்டுகொண்டது.

யானைகளைப் பற்றிய செய்தி 2024-இல் வந்தது. கென்யாவின் அம்போசெலியிலும் சம்புருவிலும் பல ஆண்டுகளாகப் பதிவு செய்யப்பட்ட 469 அழைப்புகளை, அதாவது தாழ்ந்த உறுமல்களை, கணினியிடம் கொடுத்தார்கள். எந்த அழைப்பு எந்த யானைக்கு என்று கணினியால் நாலில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சரியாகச் சொல்ல முடிந்தது. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறியிருக்காது. பிறகு 17 யானைகளுக்கு அந்த ஒலிகளை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். தன்னை நோக்கிய அழைப்பு கேட்டபோது யானை விரைந்து ஒலிபெருக்கியை நெருங்கியது, குரல் கொடுத்தது. வேறொரு யானைக்கான அழைப்புக்கு அவ்வளவு அக்கறை காட்டவில்லை. நாம் அவற்றுக்குப் பெயர் வைக்கலாமா கூடாதா என்று விவாதித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அவை ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் அழைத்துக்கொண்டிருந்தன போலும்.

நாய்க்கு 'தான்' என்பது மூக்கில் இருக்கிறது. 1970-இல் கார்டன் கேலப் உருவாக்கிய கண்ணாடிச் சோதனை புகழ்பெற்றது. நெற்றியில் ஒரு புள்ளி வைத்து, கண்ணாடியில் பார்க்கும் விலங்கு தன் நெற்றியைத் தடவிப் பார்க்கிறதா என்று கவனிப்பது. நாய்கள் அதில் தேறுவதில்லை. அதனால் நாய்க்குத் தன்னுணர்வு இல்லை என்று முடிவு கட்டலாமா? நியூயார்க்கின் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் சோதனையை நாயின் பக்கம் நின்று மாற்றினார். நாயின் சிறுநீர் வாசத்தை ஒரு டப்பாவிலும், அதே வாசத்தோடு வேறொரு வாசம் கலந்ததை இன்னொரு டப்பாவிலும் வைத்தார். தன் வாசம் மாறியிருந்த டப்பாவை நாய்கள் அதிக நேரம் முகர்ந்தன. 'இது நான்தான், ஆனால் ஏதோ மாறியிருக்கிறதே' என்று கண்ணாடி முன் நாம் நெற்றியைத் தடவுவதற்கு ஒப்பான செயல். கண்ணாடியில் தேறவில்லை என்பது நம் கேள்வியின் குறை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'அவன்', 'அவள்' என்று எழுதிவிட்டாலே புரிந்துகொண்டதாக ஆகிவிடாது. யானைக்கு மருமகள் சண்டையையும், காக்கைக்கு வேலைக்குப் போகும் கவலையையும் ஏற்றி எழுதும் கட்டுரைகளும் எங்களுக்கு வருகின்றன. அவற்றில் விலங்கு இருப்பதில்லை, மனிதன்தான் தோல் போர்த்திக்கொண்டு நிற்கிறான். டால்பினின் சீழ்க்கையும் நாயின் வாசமும் சொல்வது இதற்கு எதிரான பாடம். அவை நம்மைப் போல இருப்பதால் மதிக்கத் தக்கவை ஆகவில்லை. நம்மைப் போல இல்லாமலே, ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக இருக்கிறது. ஆக்டோபஸை எடுத்துக்கொள்ளுங்கள்; நம் உடலோடு எந்த ஒற்றுமையும் இல்லாத உயிர். சியாட்டில் மீன்காட்சியகத்தில் 44 ஆக்டோபஸ்களிடம் மூன்று காரியம் செய்து பார்த்தார்கள். தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது, தூரிகையால் தொடுவது, நண்டு கொடுப்பது. ஒரே காரியத்துக்கு ஒன்று ஓடி ஒளிந்தது, ஒன்று தூரிகையைப் பற்றி இழுத்தது, ஒன்று கண்டுகொள்ளவே இல்லை. அவற்றின் ஆளுமைகளைப் பற்றி 1993-இல் ஜெனிஃபர் மேதரும் ரோலண்ட் ஆண்டர்சனும் கட்டுரை வெளியிட்டார்கள்.

அடையாளம் என்பது பாசத்துக்கு மட்டும் உதவுவதில்லை, நீதிக்கும் உதவுகிறது. 2021-இல் நீலகிரியில் மனிதர்களையும் மாடுகளையும் கொன்ற புலியைத் தேடியது நினைவிருக்கும். எம்டிடி-23 என்று அதற்கு எண். தானியங்கிக் கேமராவில் பதிவான உடல் வரிகளை வைத்துத்தான் இதுவா வேறா என்று பிரித்தார்கள். புலியின் வரிகள் நம் கைரேகை போல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் உடனே கொல்ல வேண்டாம் என்றது. மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபரில் உயிரோடு பிடிபட்டது. 'ஒரு புலி கொன்றது, ஒரு புலியைக் கொல்' என்று இறங்கியிருந்தால் பழி எந்தப் புலியின் மேல் விழுந்திருக்கும்? நான் இங்கே 'பிடிபட்டது' என்றுதான் எழுதியிருக்கிறேன். மசினகுடியில் ஆளை இழந்த குடும்பத்தை நினைத்து அப்படி எழுதினேன். அந்தப் புலியை 'அவன்' என்று நான் எழுதினால் அவர்களுக்கு வலிக்கும். திணையை மாற்றும் உரிமை, அந்த உயிரோடு வாழ்ந்தவருக்கு முதலில், தூரத்திலிருந்து எழுதுகிறவருக்குப் பிறகு.

நீதிமன்றங்கள் இன்னும் தயங்குகின்றன. நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையின் ஹேப்பி என்ற ஆசிய யானை, கண்ணாடியில் பார்த்துத் தன் நெற்றியில் இருந்த வெள்ளைக் குறியைத் துதிக்கையால் தொட்டவள். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அவளைச் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆளாகக் கருதி விடுவிக்க வேண்டும் என்று தொடர்ந்த வழக்கை 2022 ஜூனில் அந்த மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் ஐவருக்கு இருவர் என்ற கணக்கில். இரண்டு நீதிபதிகள் அவள் பக்கம் நின்று எழுதினார்கள் என்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன். ஆசிரியர் குழுவில் உட்கார்ந்து பேசினோம். மெய்ப்புத் திருத்துநர்தான் முதலில் பேசினார். தன் பாட்டி வீட்டில் மயிலை என்ற பசு இருந்ததாகவும், அது இறந்த அன்று பாட்டி 'போயிட்டா' என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததாகவும், அந்தச் சொல்லைத் தன்னால் திருத்த முடியாது என்றும் சொன்னார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

முடிவு இதுதான். பொதுவாக ஓர் இனத்தைப் பற்றி எழுதும்போது அஃறிணை விகுதியே இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட உயிரை அறிந்து, பார்த்து, அதோடு பழகி எழுதுகிறவர் 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ எழுதினால் அதை மாற்ற மாட்டோம். தடாகத்து ஆசிரியரின் கட்டுரை இந்த இதழில் அவர் எழுதியபடியே வந்திருக்கிறது. சிவப்பு மை விழுந்த தாளை அவருக்கே அனுப்பிவைத்திருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், தோட்டத்தில், கொட்டிலில், கோயிலில் நீங்கள் தனியாக அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் ஓர் உயிரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். நாயோ, காளையோ, தினமும் அதே கம்பியில் வந்து உட்காரும் காக்கையோ, எதுவானாலும் சரி. பெயர் இருந்தால் பெயர், இல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்பது: காதில் கிழிசல், நடையில் சாய்வு, குரலில் ஒரு கரகரப்பு. எதற்குப் பயப்படும், யாரிடம் மட்டும் வரும், என்ன செய்தால் கோபம் வரும் என்று பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். மாசி இதழில் அவற்றுக்கென்றே பத்துப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்